கடைக்காரருக்குச் சின்னக் கார்: வரவும் செலவும்



"அண்ணாச்சி, சின்னதா ஒரு கார் வாங்கலாமா?" என்று நம்மிடம் சரக்கெடுக்க வரும் சில்லறைக் கடைக்காரர்கள் பலர் கேட்பதுண்டு. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. எந்தச் சரக்கையும் அடக்கவிலை பார்த்துத்தானே வாங்குகிறோம்? காரையும் அப்படியே பார்க்க வேண்டும்.

நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களைக் காரில் ஏற்றியது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. என்ஜின் 796 சி.சி.; நீளம் 3.3 மீட்டர். 2009-ல் வந்த டாடா நானோ அதனினும் சிறியது: 624 சி.சி., 3.1 மீட்டர். முன்னது 2014-லும் பின்னது 2018-லும் உற்பத்தி நின்றுபோயின. ஆயினும் அவை தந்த பாடம் இன்றைய சின்னக் கார்களுக்கும் பொருந்தும். ஸ்கூட்டரில் குழந்தைகளை நடுவில் வைத்துக்கொண்டு செல்லும் குடும்பங்களைப் பார்த்தே நானோ எண்ணம் பிறந்ததாக ரத்தன் டாடா கூறியிருக்கிறார். ஆக, சின்னக் கார் பிறந்தது மனிதரை ஏற்ற. மூட்டையை ஏற்ற அல்ல.

இதை மறந்து நாம் பட்டதைச் சொல்கிறோம். 1998 தீபாவளிக்கு முந்தைய வாரம். மதுரை கீழமாசி வீதியிலிருந்து திருமங்கலத்துக்கு அவசரமாக நான்கு மூட்டை சீனி போக வேண்டியிருந்தது. லோடு வண்டி வாடகை 150 ரூபாய் மிச்சம் என்று எண்ணி, நம் பழைய சின்னக் காரின் பின் இருக்கையில் 200 கிலோவையும் அடுக்கினோம். முன்னால் 14 வயது மகன். வழியில் மாடு குறுக்கே வந்தது. பிரேக் அடித்தும் வண்டி சட்டென நிற்கவில்லை, புளியமரத்தில் மோதியது. மூட்டைகள் முன்னே சரிந்து பையனின் தோள் எலும்பு முறிந்தது. வண்டிக்கு இன்சூரன்ஸ் பணமும் கிடைக்கவில்லை. சொந்த உபயோகக் காரில் வியாபாரச் சரக்கு ஏற்றக்கூடாது என்று பாலிசியிலேயே அச்சிட்டிருந்தது. படிக்காதது நம் குற்றம். 150 ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய் 18,000 ரூபாய் செலவாயிற்று. பையன் தேறியதே நாம் செய்த புண்ணியம்.

சாதகங்கள்:

1. நெருக்கடியான கடைத்தெருவில் திருப்பவும் நிறுத்தவும் எளிது. அம்பாசிடரின் நீளம் சுமார் 4.3 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2. பெட்ரோல், டயர், ரிப்பேர்ச் செலவு பெரிய காரைவிடக் குறைவு.

3. மழையிலும் இரவிலும் பெரியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லவும், வசூலுக்குப் போய்ப் பணத்தோடு திரும்பவும் இரு சக்கர வண்டியைவிட நல்லது.

பாதகங்கள்:

1. சாமான் வைக்க இடம் குறைவு. நானோவில் என்ஜின் பின்னால்; 2015 வரை பின்கதவே கிடையாது.

2. பாதுகாப்பு. 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் விற்ற ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத மாடல்களை மோதவிட்டுச் சோதித்தது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்தும் பெற்றது பூஜ்யம். பழைய வண்டி வாங்குவோர் ஏர்பேக் உண்டா என்று கேட்டே வாங்குக.

3. கார் வாங்கும்போது கட்டும் ஜி.எஸ்.டி.யை மளிகை வியாபாரி இன்புட்டாக எடுக்க முடியாது. காம்போசிஷனில் இல்லாதவர் சரக்கு வண்டி வாங்கினால் எடுக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். கார் விலை 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு ரூபாய் வீதம் மாத வட்டி 4,000. வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் என்றால் மாதம் 5,000. இன்சூரன்ஸ், சர்வீஸ் 2,000. மாதம் 500 கிலோமீட்டர் ஓட, லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வீதம் சுமார் 28 லிட்டர்; லிட்டர் 100 ரூபாய் என்றால் 2,800. ஆக மொத்தம் 13,800 ரூபாய்.

மளிகையில் செலவு போக நூற்றுக்கு 4 ரூபாய் நிற்பதாகக் கொண்டால், இந்த 13,800-ஐ ஈட்ட மாதம் 3,45,000 ரூபாய்க்குக் கூடுதலாக விற்க வேண்டும்! காரின் விலையைப் பார்க்கிறோம். இந்த விற்பனையை யாரும் பார்ப்பதில்லை.

ஆகவே நாம் கூறுவது இதுதான். மாதம் நாலைந்து முறை மட்டும் போகிறவருக்கு வாடகைக் காரே லாபம். தினமும் தேவைப்படுபவர், கடைக் கைமுதலைத் தொடாமல், வீட்டுச் சேமிப்பில் வாங்கட்டும். சரக்கெடுக்கும் பணத்தைக் காரில் முடக்கினால் அலமாரி காலியாகும். அலமாரி காலியானால் வாடிக்கை அடுத்த கடைக்குப் போகும். கார் வீட்டுக்கு, லோடு வண்டி கடைக்கு என்று பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டும் நிலைக்கும்.

வாங்குமுன் ஒருமுறை பேரேட்டைப் புரட்டிப் பார்ப்போமாக.