கல்மரமும் ஒரு மாணவனின் கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு பரிணாமப் பாடத்தில் புதைபடிவங்கள் பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். “திருவக்கரைக் கல்மரங்கள் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை” என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “சார், அதெல்லாம் அசுரனோட எலும்புன்னு எங்க பாட்டி சொன்னாங்க.” வகுப்பே சிரித்தது. “அது மூடநம்பிக்கை, உட்கார்” என்றேன். அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை.

பிறகு யோசித்தபோது புரிந்தது. அவன் பாட்டி சொன்னதைச் சொன்னான். நான் புத்தகம் சொன்னதைச் சொன்னேன். ‘அது எப்படித் தெரியும்?’ என்பதை இருவருமே சொல்லவில்லை. இப்போது அதே பாடத்தை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். இரண்டு பாடவேளைகள் போதும்.

விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரை, எங்கள் ரெட்டியார்பாளையத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவுதான். அங்குள்ள கல்மரங்களைப் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இல் பதிவு செய்தார். இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கும் தேசிய கல்மரப் பூங்கா.

படி 1: பார்த்தது, ஊகித்தது

கல்மரங்களின் படங்களைக் குழுக்களுக்குக் கொடுத்து, பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். ‘மரம் செத்துக் கல்லாச்சு’ என்று சிலர் எழுதுவார்கள். அது ஊகம். ‘வளையங்கள் தெரிகின்றன’, ‘படுத்த நிலையில் கிடக்கின்றன’, ‘கிளையும் வேரும் இல்லை’ என்பவை பார்த்தவை. கரும்பலகையில் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள்.

படி 2: விளக்கத்தைச் சோதித்தல்

எலும்பு என்றால் உள்ளே என்ன தெரிய வேண்டும்? மரம் என்றால் என்ன தெரிய வேண்டும்? கல்மரத்தின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்தால் மரக்கட்டைக்கு உரிய செல் அமைப்பு தெரிகிறது. யாரையும் கேலி செய்யாமல் சான்றே பதில் சொல்லிவிடுகிறது. அடுத்து, ‘இவை அங்கேயே வளர்ந்தவையா?’ என்று கேளுங்கள். வேரும் கிளையும் இல்லாமல் கிடப்பதால், வெள்ளத்தில் அடித்துவரப்பட்டு மணலில் புதைந்தவை என்ற முடிவுக்கு மாணவர்களே வருவார்கள்.

படி 3: கல்லானது எப்படி?

சிறிய ஸ்பாஞ்சுத் துண்டைக் கெட்டியான உப்புக் கரைசலில் ஊறவைத்து, சில நாள் வெயிலில் காயவிடுங்கள். துளைகளில் உப்புப் படிந்து ஸ்பாஞ்சு விறைத்துவிடும். மண்ணில் புதைந்த மரத்திலும் நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா செல்களுக்குள் படிந்தது. ஆனால் அதற்கு மிக நீண்ட காலம் ஆனது. இது மாதிரி மட்டுமே என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

படி 4: பன்மையும் உறவும்

திருவக்கரையில் ஜிம்னோஸ்பெர்ம், ஆஞ்சியோஸ்பெர்ம் இரண்டின் கட்டைகளும் உள்ளன. ஊசியிலை மரக்கட்டையில் சைலக் குழாய்கள் இருக்காது. பூக்கும் தாவரக் கட்டையில் பெரும்பாலும் இருக்கும். இந்த வேறுபாட்டைக் கொண்டே பிரித்தறிகிறார்கள். ஆமணக்கு, மருதம், புளி ஆகியவற்றின் குடும்பங்களைச் சேர்ந்த மரங்களும் அங்கே அடையாளம் காணப்பட்டுள்ளன. பள்ளி வளாகத்துப் புளிய மரத்தைக் காட்டி, ‘குடும்பம் ஒன்று என்றால் இனமும் ஒன்றா?’ என்று கேளுங்கள். பரிணாமப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

மதிப்பீட்டிலும் ஒரு மாற்றம் செய்யலாம். ‘புதைபடிவம் – வரையறு’ என்பதற்குப் பதில், ‘கல்மரம் ஒரு காலத்தில் மரமாக இருந்தது என்பதற்கு இரண்டு சான்றுகள் தருக’ என்று கேளுங்கள். பூங்காவுக்கு அழைத்துச் சென்றால், ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துவரக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

சென்ற முறை ஒரு மாணவி கேட்டாள்: “2 கோடி வருஷம்னு எப்படி சார் கண்டுபிடிச்சாங்க?” எனக்கு உடனே பதில் தெரியவில்லை. “நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்” என்றேன். அவை புதைந்திருக்கும் கடலூர் மணற்கல் அடுக்கின் வயதைக் கொண்டு கணிக்கிறார்கள் என்று மறுநாள் விளக்கினேன். “அப்போ அந்தப் பாறையோட வயசு எப்படித் தெரியும்?” என்றாள். இந்த முறை யாரையும் உட்காரச் சொல்லவில்லை.