மழைக்குறைவை அளந்தறியும் முறை

நம் கிராமங்களில் மழையை "ஓருழவு மழை", "ஈருழவு மழை" என்று நிலம் நனைந்த ஆழத்தைக்கொண்டு மதிப்பிடும் வழக்கம் உண்டு. மறுநாள் ஏர் பூட்டலாமா என்று தீர்மானிக்க இது போதுமானதே. ஆனால் வரிவஜா, பயிர் இன்ஷூரன்ஸ், நிவாரண வேலை முதலியவற்றைக் கோரும்போது அதிகாரிகள் கேட்பது கணக்கு. ஆகையால் வறட்சி எவ்விதம் அளக்கப்படுகிறதென்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

மழைமானியில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் நீர். அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 4,047 லிட்டர். தினந்தோறும் காலை எட்டரை மணிக்கு இதைப் பார்த்துக் குறிப்பது இந்திய வானிலை இலாகாவின் முறை.

அளவுகளில் மிக எளியது சதவிகிதக் குறைவு. பருவத்தில் பெய்த மழையை நீண்டகாலச் சராசரியோடு ஒப்பிட்டு, குறைவு 26 முதல் 50 சதவிகிதம் வரையிருந்தால் மிதமான வறட்சியென்றும், அதற்கு மேற்பட்டால் கடும் வறட்சியென்றும் மேற்படி இலாகா வகுத்திருந்தது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சிக்குள்ளானதாக அறிவிக்கப்பட்டது. இவ்வளவு பெரிய குறைவில் எவருக்கும் சந்தேகம் எழாது. சிறிய குறைவுகளில்தான் சங்கடம். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் தவறுவதில்லை. அங்கே பாதி குறைந்தால் அது அபூர்வமான விபத்து. ஜெய்சல்மீரிலோ அத்தகைய குறைவு அடிக்கடி நேர்வது. கம்பு விதைக்கும் அவ்வூரார் அதை எதிர்பார்த்தே விவசாயம் செய்கிறார்கள். ஒரே சதவிகிதம் ஈரிடத்தும் ஒரே பொருள் தராது.

இக்குறையை நீக்க, 1993-ல் அமெரிக்காவின் கொலராடோவில் மக்கீ, டோஸ்கென், க்ளைஸ்ட் என்னும் மூவர் தரப்படுத்திய மழைச் சுட்டெண்ணை வகுத்தனர். ஓர் ஊரின் பல்லாண்டு மழைக்கணக்கையே அளவுகோலாகக் கொண்டு, இவ்வருஷத்துக் குறைவு அவ்வூருக்கு எவ்வளவு அபூர்வமென்று இது கூறும். பூஜ்யம் வழக்கமான மழை. கழித்தல் ஒன்று மிதமான வறட்சியின் தொடக்கம். கழித்தல் இரண்டும் அதற்குக் கீழும் மிகக் கொடிய வறட்சி, நூறு வருஷங்களில் ஏறக்குறைய இரண்டு முறையே வரக்கூடியது.

இதன் கணிதம் கடினமானதே. எனினும் இதன் கருத்தைக் கிராமத்திலேயே கையாளலாம். முப்பது வருஷத்துப் பருவமழைத் தொகைகளைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசையாக எழுதுக. இவ்வருஷத்துத் தொகை முதல் மூன்றுக்குள் விழுந்தால், அது பத்தில் ஒரு பங்கு வருஷங்களில் மட்டும் நேரும் குறைவாகும். ஆஸ்திரேலியாவில் 1967-ல் கிப்ஸ், மாஹெர் என்போர் வகுத்த பத்திலொரு பங்கு முறையும் இத்தகையதே. பயிருக்கு மூன்று மாதத் தொகையையும், ஏரிக்கும் கிணற்றுக்கும் பன்னிரண்டு மாதத் தொகையையும் தனித்தனியே வரிசைப்படுத்துதல் வேண்டும்.

தொகை மட்டும் ஏமாற்றக்கூடும். மூன்று மாதங்களில் 400 மில்லிமீட்டர் பெய்து, அதில் 250 ஒரே புயலில் கொட்டித் தீர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். சுட்டெண் குறைவொன்றும் காட்டாதிருக்க, கதிர் வாங்கும் சமயத்தில் பயிர் கருகியிருக்கும். ஆதலால் மழைக்குறிப்புப் புத்தகத்தில் மழையற்ற வாரங்களையும் தேதியுடன் குறித்து வைத்து, மனுக் கொடுக்கும்போது அதன் பிரதியையும் சேர்த்தனுப்புக.