சருகும் மண்ணும்

காட்டில் நாள்தோறும் இலைகள் உதிர்கின்றன. அவற்றைக் கூட்டி அள்ளுவார் எவருமிலர். எனினும், காடு சருகினுள் புதைந்து போவதில்லை. ஏன்? பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண்புழுக்களும் மரவட்டைகளும் சருகைச் சிதைத்து மண்ணோடு சேர்க்கின்றன. மண்ணிடம் மரம் பெற்ற கடன் இவ்வாறு திருப்பித் தரப்படுகிறது.

இக்கடன் எங்கும் ஒரே விரைவில் தீர்வதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறுவோர், வழிநெடுகக் குளிர் மிகுவதை உணர்வர். 1000 மீட்டர் உயருந்தோறும் வெப்பநிலை ஏறத்தாழ 6 செல்சியஸ் பாகை குறைகிறது. குளிரில் நுண்ணுயிர்களின் செயல் தளரும். சருகு மெல்லவே மட்கும். நீலகிரியின் உயர்ந்த சோலைக்காடுகளில் மண் கருத்து, மக்கு நிறைந்து, பஞ்சுபோல் நீரைத் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அந்நீரே பின்னர்க் கசிந்து ஓடைகளாகிறது.

சருகின் தன்மையும் மட்கும் விரைவை மாற்றும். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவின் தைலமரத்தையும் சீகைமரத்தையும் விறகுக்காக நீலகிரியில் நட்டனர். அழகுக்காகக் கொணரப்பட்ட அமெரிக்க உண்ணிச்செடி, தோட்டங்களைக் கடந்து தாழ்வான காடுகளில் பரவியது. தைலமர இலை தடித்தது. எண்ணெயும் துவர்ப்புப் பொருளும் மிக்கது. ஆதலின் எளிதில் மட்காது. உண்ணிச்செடியின் மெல்லிய இலையோ விரைவில் மட்கிவிடும். சீகைமரம், தன் வேர்முண்டுகளில் வாழும் பாக்டீரியாக்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பெற்று, சருகின் வழியே மண்ணில் சேர்க்கிறது. அது நன்மையன்றோ என நாம் எண்ணலாம். சத்துக் குறைந்த மண்ணில் வாழப் பழகிய மலைப்புற்களுக்கு அது நன்மையன்று. சத்து மிகுந்தால் களைகளே முந்திக்கொள்ளும்.

இவற்றை அறிஞர் எங்ஙனம் ஆராய்கின்றனர்? உலர்ந்த இலைகளை நிறுத்து, வலைப்பைகளில் இட்டு, வெவ்வேறு உயரங்களில் தரைமீது வைக்கின்றனர். சில திங்கள் கழித்து மீண்டும் நிறுக்கின்றனர். குறைந்த எடையே மட்கிய அளவாகும். ஒரே வகை இலையைப் பல உயரங்களில் வைத்தால் உயரத்தின் விளைவு தெரியும். பல வகை இலைகளை ஓரிடத்தில் வைத்தால் இலையின் விளைவு தெரியும். பள்ளித் தோட்டத்தில் வேப்பிலையையும் தைலமர இலையையும் கொண்டு நீங்களும் இதனைச் செய்து பார்க்கலாம்.

மலையின் உயரத்தை மனிதன் மாற்றவில்லை. அங்கு உதிரும் இலையை மாற்றிவிட்டான். இலை மாறின் மண் மாறும். மண் மாறின் அதனை நம்பி வாழும் புல்லும் மரமும் மாறும். ஆதலின், ஒரு மரத்தை மலையில் நடுமுன், அதன் நிழலையும் விறகையும் மட்டுமன்றி, அதன் சருகையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.