மழை நாளுக்குக் கட்டுவது

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆண்டில் பெரும்பாலான நாட்கள் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கழிவுநீர் நிலையத்தை, மழை பெய்யும் சில மணி நேரத்துக்காகப் பெரும் பணம் கொட்டி விரிவாக்குவது வீண் செலவல்லவா என்று கேட்டிருந்தாய். வீண் அல்ல என்பதே என் எண்ணம். வறண்ட நாளில் ஒழுங்காக இருப்பது அத்தகைய நிலையத்துக்கு அரிய செயலல்ல. அங்கே ஆறு பெரும்பாலும் கெடுவது மழை நாளில்தான். ஆனால் எதை முதலில் கட்டுவது, எதைப் பிறகு கட்டுவது என்ற வரிசை தவறினால் அந்தச் செலவு நீ சொல்வதுபோல் வீணாகவும் கூடும். லண்டனை வைத்து இதைப் பார்ப்போம்.

1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் நாடாளுமன்றத்தையே திணறடித்தது. அதன் பிறகு ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் நகரின் அடியில் செங்கல் கால்வாய்களை அமைத்தார். வீட்டுக் கழிவும் மழைநீரும் அவற்றில் ஒன்றாகவே ஓடும். பெருமழையில் கழிவு எதிர்த்து வீடுகளுக்குள் ஏறிவிடக் கூடாது என்பதற்காக, மிகுதி நீர் ஆற்றில் வழிய வாய்கள் விடப்பட்டன. அன்றைக்கு அது சரியான தீர்வு. அவர் கணக்கு வைத்தது சுமார் 40 லட்சம் மக்களுக்கு. இன்று லண்டனில் வாழ்வோர் 90 லட்சத்தை நெருங்குகிறார்கள். நீரை உறிஞ்சிய மண்ணைத் தாரும் கான்கிரீட்டும் மூடிக்கொண்டன. விளைவு, பெருமழைக்கு என்று வைத்த வாய்கள் சாதாரண மழைக்கே திறந்துகொண்டன. சராசரியாக ஆண்டுக்கு 3.9 கோடி டன் கலப்புநீர் தேம்ஸில் கலந்தது என்பது அண்மைக்கால மதிப்பீடு. அசாதாரண மழைக்கு மட்டுமே இப்படி வழியவிடலாம் என்று 2012இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

மழைநீர் கலந்தால் கழிவு நீர்த்துப்போகுமே, பிறகென்ன கேடு என்று சிலர் கேட்பார்கள். மழை தொடங்கியதும் குழாயில் பாயும் வேகமான நீர், பல நாட்களாக அடியில் படிந்து கிடந்த கசடைக் கிளப்பிக்கொண்டு வருகிறது. சாலையின் எண்ணெயும் குப்பையும் அதோடு சேர்கின்றன. ஆகவே முதலில் வழியும் நீரே மிக மோசமானது. அந்த அழுக்கைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் ஆற்றின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் மீன்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன. லண்டன் பகுதியில் தேம்ஸ் கடலேற்றத்துக்கு ஆட்பட்ட ஆறு. வழிந்த கழிவு ஒரே போக்கில் கடலுக்குப் போய்விடாது. ஏற்றத்தோடும் வற்றத்தோடும் முன்னும் பின்னுமாக நகரத்துக்குள்ளேயே அலையும்.

அப்படியானால் எல்லா நீரையும் சுத்திகரிப்பு நிலையத்துக்கே அனுப்பிவிடலாமே என்று தோன்றும். நிலையத்தில் வேலை செய்வதும் நுண்ணுயிர்கள்தான். வெள்ளம் ஒரேயடியாகப் பாய்ந்தால் அவை தொட்டியிலிருந்து அடித்துச் செல்லப்பட்டு, நிலையம் பழைய நிலைக்குத் திரும்பவே நாட்கள் ஆகும். எனவே மிகுதி நீரைத் தேக்கி வைத்து, மழை ஓய்ந்தபின் அளவாக அனுப்ப வேண்டும். தேக்கம் மட்டும் இருந்தாலும் போதாது. அடுத்த மழைக்குள் காலியாகாத தொட்டி இருந்தும் இல்லாததே. ஆகவே தேங்கியதைச் சுத்திகரிக்கும் திறன் முதலில், தேக்கம் பிறகு. லண்டன் இந்த வரிசையைச் சரியாகப் பிடித்தது. முதலில் ஐந்து சுத்திகரிப்பு நிலையங்களின் திறனைக் கூட்டினார்கள்; பெக்டன் நிலையத்தின் திறன் மட்டும் 60 விழுக்காடு உயர்ந்தது. அடுத்து, மிக அதிகமாக வழிந்த ஆபி மில்ஸ் இடத்திலிருந்து பெக்டனுக்குச் சுமார் 7 கி.மீ. நீளமுள்ள லீ சுரங்கம் 2016இல் திறக்கப்பட்டது. அதன் பிறகே, ஆற்றின் போக்கை ஒட்டி 25 கி.மீ. நீளமுள்ள டைட்வே சுரங்கம் வந்தது. 2025 பிப்ரவரியில் அது முழுமையாக இணைக்கப்பட்டது. இரண்டு சுரங்கங்களும் சேர்ந்து 16 லட்சம் கன மீட்டர் நீரைத் தாங்கும்.

இதற்கு வலுவான மறுப்புகள் இரண்டு உண்டு. மழைநீருக்குத் தனிக் குழாய் போட்டால் என்ன என்பது ஒன்று. புதிய ஊருக்கு அதுவே நல்லது. பழைய நகரத்திலோ ஒவ்வொரு தெருவையும் ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் தோண்டியாக வேண்டும். தனிக் குழாய் போட்டுவிட்டால் மட்டும் சிக்கல் தீராது என்பதற்குச் சென்னையே சாட்சி. இங்கே மழைநீர் வடிகால் வேறு, பாதாளச் சாக்கடை வேறு. ஆனாலும் முறையற்ற இணைப்புகள் வழியே கழிவு வடிகாலில் இறங்கிக் கூவத்தையும் அடையாற்றையும் சேர்கிறது. மழைநீர் விழுந்த இடத்திலேயே மண்ணில் இறங்கட்டும் என்பது இரண்டாவது மறுப்பு. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரம் 2011இல் 25 ஆண்டுத் திட்டமாக அதைத் தொடங்கியது. தோட்டங்களும் நீர் புகும் தரைகளும் குழாயின் சுமையை உறுதியாகக் குறைக்கும். ஊருக்கு நிழலும் தரும். ஆனால் லண்டனின் அடிமண் பெரும்பாலும் களிமண். நீரை மெல்லத்தான் உள்ளே விடும். ஒரு மாநகரம் முழுதும் அப்படி மாறப் பல்லாண்டுகள் பிடிக்கும். அதுவரை ஆறு காத்திருக்க முடியாது. அதனால் சுரங்கத்துக்கு மாற்றாக அதைக் கொள்ளாமல், சுரங்கம் விரைவில் போதாமல் போகாதபடி காக்கும் துணையாகக் கொள்வதே அறிவு.

செலவு பெரிதுதான். டைட்வே சுரங்கத்துக்கு மட்டும் 450 கோடி பவுண்டுக்கு மேல் ஆனது. மக்களின் கழிவுநீர்க் கட்டணத்திலிருந்தே அது வசூலாகிறது. வழிந்தோடுவதும் அடியோடு நிற்கவில்லை, பெருமளவு குறைகிறது, அவ்வளவே. ஆனாலும் கட்டாமல் விட்டால் செலவு மறைந்துவிடாது. ஆறும் ஆற்றை அண்டி வாழ்பவர்களும் அதைச் சுமப்பார்கள்.

நாளை உன் ஊரில் புதிய கழிவுநீர்த் திட்டம் ஒன்றை அறிவித்தால், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் சுத்திகரிக்கும் என்பதோடு நின்றுவிடாதே. மழை நாளில் மிஞ்சும் நீர் எங்கே நிற்கும், எத்தனை மணி நேரத்தில் அந்தத் தொட்டி காலியாகும், ஆற்றில் வழிந்த அளவை யார் அளந்து மக்களுக்குச் சொல்வார்கள் என்று கேள். இவற்றுக்குப் பதில் இல்லாத திட்டம் பாதித் திட்டமே.

அன்புடன்,
உன் மாமா