வெற்றிலை, பாக்கு, காவா: பழக்கமும் பாதிப்பும்

பாடம்: சுகாதாரமும் உடற்கல்வியும்



கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய எமது ஊர்களில் கலியாண வீடுகளில் வெற்றிலை வட்டா வைக்கப்படுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வீட்டிலே மூத்தம்மாவின் பாக்குவெட்டியையும் சிறிய உரலையும் அறிவீர்கள். கடைகளில் தொங்கும் இனிப்புப் பாக்குப் பக்கெற்றுகளை உங்களிற் சிலர் வாங்கியும் இருக்கலாம். எனவே இப்பாடம் பரீட்சைக்கு மட்டும் உரியதன்று.

1. ஒரு வெற்றிலைக் கூறில் அடங்குபவை

(அ) வெற்றிலை: மிளகுக் குடும்பத்தைச் சேர்ந்த கொடியின் இலை. தீங்கின் பெரும்பகுதி இதிலிருந்து வருவதன்று.
(ஆ) பாக்கு: கமுக மரத்தின் விதை. இதில் அரிகோலின் என்னும் அல்கலோயிட்டு உண்டு. இது நரம்புத் தொகுதியைத் தூண்டும்.
(இ) சுண்ணாம்பு: கல்சியம் ஐதரொட்சைட்டு. இது காரமானது. வாயின் மென்மையான தோலை உறுத்துவதோடு மற்றைய பொருள்களின் இரசாயனங்கள் உடலினுள் செல்லவும் உதவுகின்றது.
(ஈ) புகையிலை: சிலர் சேர்ப்பர். இதிலுள்ள நிக்கொட்டின் அடிமைப்படுத்தும் இயல்புடையது.

2. விளைவுகள்

உடனடி விளைவுகள்: உற்சாகம், உடற்சூடு, வியர்வை, உமிழ்நீர் பெருகுதல், இதயத் துடிப்பு விரைவடைதல். பழக்கமற்றவருக்குத் தலைசுற்றும்.

நீண்டகால விளைவுகள்: பற்களில் கறை, முரசு நோய், அடிமையாதல், வாயின் உட்தோல் நார்போல் இறுகுதல், வாய்ப் புற்றுநோய்.

வாயின் உட்தோல் இறுகும் நோய்க்குப் பாக்கே பிரதான காரணம். முதலில் கறி உறைப்புத் தாங்காமல் வாய் எரியும். பின்பு வாயைத் திறப்பது கடினமாகும். இந்நோய் புற்றுநோயாக மாறவும் கூடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம், புகையிலை சேர்ந்த கூறு புற்றுநோயை உண்டாக்கும் என 1985 இல் அறிவித்தது. பாக்குத் தனியாகவே மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என 2004 இல் அறிவித்தது. “நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்” என்று கூறுவோர் இதனைக் கவனிக்க வேண்டும். இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே ஆகும்.

3. வெற்றிலையின் உறவுச் செடி: காவா

வெற்றிலையும் மிளகும் சேர்ந்த அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு செடி காவா. (நாம் அறிந்த அரபு நாட்டுக் கஹ்வா வேறு, அது கோப்பி.) பசுபிக் தீவுகளான பீஜி, வனுவாட்டு, தொங்கா ஆகியவற்றில் இதன் வேரை இடித்து, நீரில் பிசைந்து, வடித்து, சிரட்டைக் கிண்ணத்தில் அருந்துவர். விருந்தாளியை வரவேற்க எமது ஊரில் வட்டா வைப்பது போல அங்கே காவா வைக்கப்படும். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகப் பீஜி சென்ற தமிழரின் சந்ததியினரிடமும் இப்பழக்கம் உண்டு.

காவா நொதிக்கவைத்த பானம் அன்று. அதில் மதுசாரம் இல்லை. உதடு மரத்தல், உடல் தளர்தல், மனம் அமைதியடைதல் ஆகியன அதன் விளைவுகள். பாக்குத் தூண்டும், காவா தளர்த்தும். அதிகம் அருந்துவோரின் தோல் வறண்டு செதிலாகும். ஈரல் பாதிப்புப் பற்றிய முறைப்பாடுகளால் ஜேர்மனி 2002 இல் காவா மருந்துகளின் அனுமதியை நீக்கியது. பின்னர் அது தொடர்பாக வழக்குகளும் நடந்தன. நீரில் கலந்து அருந்தும் காவாவுக்கான பிராந்திய உணவு நியமம் ஒன்று 2020 இல் ஏற்கப்பட்டது. ஈரல் நோயாளரும் கர்ப்பிணிகளும் அதனைத் தவிர்க்க வேண்டும். மதுசாரத்துடனோ தூக்க மருந்துடனோ சேர்க்கலாகாது. அருந்தியபின் வாகனம் ஓட்டலாகாது.

4. பாதுகாப்பான பாவனை உண்டா?

காவாவுக்கு மேற்கூறிய எச்சரிக்கைகள் உண்டு. பாக்குக்கோ, புகையிலைக்கோ “இவ்வளவு போட்டால் தீங்கில்லை” என்ற அளவு கிடையாது. ஆகவே இளவயதினர் தொடங்காதிருப்பதும், தொடங்கியோர் நிறுத்துவதுமே பாதுகாப்பு. நோன்பு மாதத்தில் பகல் முழுதும் வெற்றிலையின்றி இருக்கும் பெரியவர்கள், விட முடியும் என்பதற்கு வீட்டிலுள்ள சான்றாவர். முதல் நாட்களில் தலையிடியும் எரிச்சலும் வரக்கூடும், அவை குறைந்துவிடும்.

சட்டம்: 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். புகையிலை கலந்த மெல்லும் கலவைகளின் விற்பனை 2016 இல் தடைசெய்யப்பட்டது.

நினைவிற் கொள்க – வாயைப் பரிசோதித்தல்

• இரண்டு வாரத்தில் ஆறாத புண்
• சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புப் படலம்
• தடிப்பு, கட்டி
• தனது மூன்று விரல்களை நிமிர்த்தி வாயினுள் வைக்க இயலாமை

இவற்றில் ஒன்று இருப்பினும் அரசாங்க வைத்தியசாலையின் பற்சிகிச்சைப் பிரிவை நாடுதல் வேண்டும். ஆரம்பத்தில் கண்டறிந்தால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம்.

5. மாதிரி வினா விடை

வினா: “வெற்றிலை போட்டால் புற்றுநோய் வரும்.” இக்கூற்றைத் திருத்தி எழுதுக.
விடை: வெற்றிலைக் கூறில் சேரும் பாக்கும் புகையிலையும் வாய்ப் புற்றுநோயை உண்டாக்குகின்றன. புகையிலையின்றிப் பாக்கு மட்டும் மெல்வதும் ஆபத்தானது.

வினா: பாக்கு, காவா ஆகியவற்றின் விளைவுகளில் ஒரு வேறுபாடு தருக.
விடை: பாக்கு நரம்புத் தொகுதியைத் தூண்டும், காவா உடலைத் தளர்த்தும்.

பயிற்சி: இன்றிரவு உங்கள் வீட்டில் வெற்றிலை போடும் ஒருவரிடம் மூன்று விரற் பரிசோதனையைச் செய்து காட்டச் சொல்லுங்கள். “உறைப்புத் தின்ன ஏலாது” என்று அவர் சொன்னால் அதனை வயது என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.