ஆயிரம் கட்டை வாங்குறதுக்கு முன்னாடி



போன ஆடி கடைசி வெள்ளிக்கு எங்க ஊர் இருக்கன்குடியில நான் ஒரு தப்பு பண்ணேன். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேர்ற இடத்துலதான் மாரியம்மன் கோயில். திருவிழா அன்னைக்கு வழி நெடுக பொம்மைக் கடை. அதுல ரெண்டு கடையில ஆளுக்கொரு டப்பா பில்டிங் பிளாக்ஸ் வாங்கினேன். தினமும் சாயங்காலம் எங்க வீட்டுத் திண்ணைக்குப் பத்துப் பிள்ளைங்க வீட்டுப்பாடம் எழுத வருவாங்க, அவங்களுக்காக.

டப்பா மேல பெரிய கோட்டை படம். உள்ள இருந்த கட்டையோ, ஒரு டப்பாவுல உள்ளது இன்னொண்ணுல ஏறவே இல்ல. ஏறினதும் நிக்கல. மூணாவது நாள் எட்டு வயசுப் பொண்ணு ஒருத்தி கட்டையைத் தள்ளி வச்சிட்டு, "எனக்கு இது வராதுக்கா"ன்னு சொன்னா.

அந்த வார்த்தை எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நாலு கட்டையைக் காலேஜுக்குக் கொண்டு போய், மெட்ராலஜி லேப்ல வெர்னியர் வச்சு அளந்தேன். மேல இருக்கிற குமிழோட விட்டம் ஒரே டப்பாவுக்குள்ளேயே கட்டைக்குக் கட்டை மாறுது. தப்பு அவ மேல இல்ல. கட்டை மேல. அதுல இருந்து நான் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதுறேன். தம்பி தங்கச்சிக்கோ, அக்கா பிள்ளைக்கோ, அங்கன்வாடிக்கோ நீங்க பெரிய செட் வாங்கப் போனா உதவும்.

1. கட்டை எப்படி நிக்குது?

டென்மார்க்கின் லெகோ கம்பெனி 1958-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த அமைப்புதான் இன்னைக்கும் அடிப்படை. ரெண்டு குமிழோட மையங்களுக்கு இடையே 8 மி.மீ. குமிழ் விட்டம் 4.8 மி.மீ. கட்டை உயரம் 9.6 மி.மீ. அடியில திருப்பிப் பாருங்க, குழாய் மாதிரி வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு குழாயும் நாலு குமிழுக்கு நடுவுல போய் உக்காரணும்.

கணக்கு போட்டுப் பாக்கலாம். நாலு குமிழ் சேர்ந்த சதுரத்தோட மூலைவிட்டம் 8 × √2 = 11.31 மி.மீ. அதுல ரெண்டு பக்கமும் குமிழோட ஆரத்தைக் கழிச்சா, 11.31 – 4.8 = 6.51. குழாயோட வெளி விட்டம் அதுதான். இது கொஞ்சம் குறைஞ்சா கட்டை ஆடும். கொஞ்சம் கூடினா பிள்ளைங்க கையால பிரிக்க முடியாது. நாம ரெண்டாம் வருஷம் பரீட்சைக்காக மனப்பாடம் பண்ணின இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட் இதுதான்!

அதனால கடையில பெட்டி படத்தைப் பாக்காதீங்க. பிரிச்ச சாம்பிள் கேளுங்க. எட்டு கட்டையை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மேல் கட்டையை மட்டும் பிடிச்சுத் தூக்கி உதறுங்க. விழக்கூடாது. அப்புறம் ஒரு சின்னப் பிள்ளைகிட்ட குடுங்க. பல்லால கடிக்காம பிரிக்கணும். இதையே இருபது தடவை மாட்டிக் கழட்டின பிறகும் பிடிமானம் அப்படியே இருக்கணும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்ல நல்ல அச்சுல வார்த்த கட்டை இதைத் தாங்கும்.

2. லெகோதான் வாங்கணுமா?

கட்டாயம் இல்ல. அந்த அடிப்படைக் காப்புரிமைகள் எப்பவோ காலாவதி ஆயிடுச்சு. கட்டையோட வடிவத்தையே டிரேட்மார்க்கா வச்சுக்க லெகோ முயற்சி பண்ணுச்சு. 2010-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏத்துக்கல. அதனால அதே அளவுல மத்த கம்பெனிகளும் செய்யலாம், செய்றாங்க. விலை குறைவாவும் கிடைக்கும். நீங்க பாக்க வேண்டியது 8 மி.மீ. அளவா, பிடிமானம் சரியா, இந்த ரெண்டுதான். இன்னொண்ணு, பெரிய செட்டை ஒரே கம்பெனியில வாங்குங்க. நான் ரெண்டு கடையில வாங்கி மாட்டின மாதிரி மாட்டாதீங்க.

3. வயசும் பாதுகாப்பும்

மூணு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளை வீட்டுல இருக்கா? அப்ப சின்னக் கட்டை வேண்டவே வேண்டாம். பொம்மைகளைச் சோதிக்க 31.7 மி.மீ. விட்டமுள்ள ஒரு உருளை வச்சிருக்காங்க, நம்ம கணக்குல ஒண்ணேகால் இஞ்ச். அதுக்குள்ள முழுசா அடங்குற எந்தத் துண்டும் அந்த வயசுக்கு ஆகாது, தொண்டையில சிக்கும். 2×2 கட்டையோட பக்கம் 15.8 மி.மீ., மூலைவிட்டமே 22 சொச்சம்தான். சுலபமா உள்ள போயிடும். டூப்ளோ மாதிரி பெரிய கட்டையில எல்லா அளவும் இரட்டிப்பு. அங்க 2×2-வோட பக்கமே 31.8 மி.மீ. உள்ள அடங்காது.

2021 ஜனவரி 1 முதல் இந்தியாவுல விக்கிற பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிளாஸ்டிக் கட்டைன்னா பெட்டியில ஐ.எஸ். 9873-ங்கிற எண்ணும் இருக்கான்னு பாருங்க. திருவிழாவுல நான் இதைப் பாக்கவே இல்ல.

4. எத்தனை கட்டை வேணும்?

"ஆயிரம் பீஸ்"னு போட்டிருந்தா மயங்காதீங்க. எதை எண்ணி ஆயிரம்? ஒத்தைக் குமிழ் துண்டு, பூ, கொடி எல்லாமே அதுல ஒவ்வொரு பீஸ்தான்.

இப்படிக் கணக்கு போடுங்க. பக்கத்துக்கு 16 குமிழ், அதாவது 12.8 செ.மீ. அகலத்துல ஒரு குட்டி வீடு. சுவர் ரெண்டு குமிழ் தடிமன். 2×4 கட்டையில எதிரெதிர் ரெண்டு பக்கத்துக்கு நாலு நாலு, மத்த ரெண்டு பக்கத்துக்கு மூணு மூணு. ஒரு வரிசைக்கு 14. அடுத்த வரிசையில பக்கத்தை மாத்தி வச்சா, கொத்தனார் செங்கல் வைக்கிற மாதிரி மூட்டு மேல மூட்டு வராது. ஆறு வரிசைக்கு 84 கட்டை. பத்துப் பிள்ளைங்க ஆளுக்கொரு வீடு கட்ட 840. கதவு, ஜன்னல் விட்டா மிச்சமும் ஆகும்.

ஆக, பீஸ் எண்ணிக்கையோட எடையையும் கேளுங்க. ஒரு 2×4 கட்டை சுமார் 2.3 கிராம். ஒரு கிலோவுக்கு 400 சொச்சம் வரும். ஆயிரம் பீஸ்னு போட்ட பெட்டி அரைக் கிலோகூட இல்லைன்னா உள்ள பெரும்பாலும் பொடிசுதான்.

5. சாதாரணக் கட்டையே போதும்

ராக்கெட் செட், கோட்டை செட் எல்லாம் அழகுதான். ஆனா அதுல பாதித் துண்டு அந்த ஒரு பொம்மைக்கு மட்டும்தான் ஆகும். ஒரே நிறத்துல ரெண்டு 2×4 கட்டையை 24 விதமா சேர்க்கலாம். ஆறு கட்டைக்கு? 91,51,03,765 விதம். சரியாத்தான் படிச்சீங்க, 91 கோடிக்கு மேல. டென்மார்க் கணித ஆய்வாளர் சோரென் ஐலர்ஸ் கம்ப்யூட்டர் வச்சு எண்ணினது. அதனால செட்டுல பாதிக்கு மேல 2×4, 2×2 இருக்கட்டும். மிச்சத்துல சக்கரம், ஜன்னல், அடித்தட்டு கொஞ்சம்.

வாங்கினதும் நிறவாரியா பிரிக்காதீங்க, வடிவவாரியா பிரிங்க. குவியல்ல சிவப்பு கண்ணுல தானா படும், 2×2 படாது. எண்ணி ஒரு சீட்டுல எழுதி டப்பாவுல ஒட்டுங்க. வெந்நீர் வேண்டாம், சோப்புத் தண்ணியில அலசி நிழல்ல காய வைங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

நாங்க அஞ்சு பேர் காசு போட்டு, உதறிப் பாத்து, எடை கேட்டு, ஒரு செட் வாங்கினோம். திண்ணையில கொட்டினப்ப எங்க அம்மாவும் வந்து உக்காந்தாங்க. அவங்க விரல் போன வேகத்தைப் பாத்து எல்லாரும் அசந்துட்டோம். அம்மா எட்டு வயசுல தீப்பெட்டி ஆபீஸுக்குக் கட்டை அடுக்கப் போனவங்க. தீக்குச்சியை ஒவ்வொண்ணா சட்டத்துல சொருகுற வேலை. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்ல பிள்ளைங்களை வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 1986-லயே சட்டம் வந்தாச்சு. அது எங்க அம்மா வரைக்கும் வந்து சேரல.

"நாங்களும் கட்டைதான் அடுக்குனோம். எத்தனை சட்டம்னுதான் கேப்பாங்க. என்ன கட்டுனன்னு யாரும் கேட்டதில்ல"ன்னாங்க.

அந்த எட்டு வயசுப் பொண்ணு முதல்ல தள்ளியே உக்காந்திருந்தா. அம்மாதான் அவ கையில ரெண்டு கட்டையைக் குடுத்தாங்க. டக்குனு மாட்டுச்சு. கழட்டினா. திரும்ப மாட்டினா. ஏழு மணிக்கு அவளைக் கூப்பிட அவங்க அம்மா வந்தப்ப, வைப்பாத்துப் பாலம்னு ஒண்ணைக் காட்டினா. ஒரு தூண் கோணல். ஆனா நிக்குது.

நீங்க வாங்கிக் குடுக்கிற கட்டை சரியில்லைன்னா, "கட்டை சரியில்ல"ன்னு பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. "எனக்கு வராது"ன்னுதான் சொல்லும். அதனால உதறிப் பாத்து வாங்குங்க மக்களே.