கிடங்கில் கிடந்த ஹெரால்டு: அடையாளம் காண்பதும் வாங்குவதும்

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் 1971 வரை தயாரான கார். இங்கிலாந்தில் 1959-இல் ட்ரயம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்த வண்டியே இங்கே ஸ்டாண்டர்ட் ஆனது. உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. தார்ப்பாய்க்கு அடியிலும் ஆலைக் கிடங்கிலும் இன்னும் சில கிடக்கின்றன. விற்பவர் வாயில் அவை எல்லாமே ‘கை வைக்காத வண்டி’. பெயின்ட்டும் சீட்டும் என்ஜினும் வந்தபடியே இருக்கின்றன என்று அதற்குப் பொருள். அறுபது ஆண்டு ஓடியும் நின்றும் கழித்த காரில் எந்த மெக்கானிக்கின் கையும் படாமலிருக்க வழியில்லை. எங்கெங்கே பட்டிருக்கிறது என்று தேடுவதுதான் வாங்குபவரின் வேலை.

மாடலைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கதவு என்றால் தொடக்ககால வண்டி. நான்கு கதவு என்றால் 1968-இல் வந்த மார்க் III. நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே உண்டு. அதற்குப் பின் 1972-இல் வந்த கெஸலுக்கும் நான்கு கதவு என்பதால், சந்தேகம் வந்தால் பின்னால் குனிந்து அடியில் பார்க்க வேண்டும். ஹெரால்டில் டிஃபரன்ஷியலுக்கு மேலே குறுக்காக ஒரே பட்டை ஸ்பிரிங் போகும். சக்கரங்கள் இரண்டும் தனித்தனியே ஆடும். இந்தியச் சாலைக்கு அது தாங்காது என்று கருதி, கெஸலில் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே முழு ஆக்ஸிலைப் போட்டார்கள்.

ஆனால் பாடியை வைத்து வண்டியின் வயதைச் சொல்ல முடியாது. ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. மட்கார்டுகளோடு சேர்த்து முன்பக்கமாகக் கவிழும் பானெட், முன்பகுதி, பின்பகுதி, கூரை என்று பாடி துண்டு துண்டாக போல்ட்டில் நிற்கிறது. வெளிநாடுகளில் உதிரியாக இறக்கிக் கோப்பதற்கு வசதியான இந்த அமைப்பு, மூன்று வண்டியை ஒன்றாக்கும் டிங்கரிங் கடைகளுக்கும் அதே அளவு வசதியாகப் போயிற்று. ஆகவே எண்களே சாட்சி.

சேஸிஸ் எண்ணை எல்லாரும் பார்ப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பதும் தகட்டில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் மனம் குளிர்ந்துவிடும். ஏமாற்றம் தொடங்குவது அந்தக் குளிர்ச்சியில்தான். செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் கிடங்கில் பதினெட்டு ஆண்டு கிடந்த மார்க் III ஒன்றின் கதையே போதுமான சான்று. சேஸிஸ் எண் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது. என்ஜின் எண், பிளாக்கின் இடப்புறத்தில், ஹெட்டுக்குச் சற்றுக் கீழே, உமி தூசும் ஆயில் பிசுக்கும் அடை போலப் படிந்த இடத்தில் இருந்தது. நேரம் மாலை ஆறு மணி; கிடங்கில் எரிந்தது ஒற்றை பல்பு. “சேஸிஸ் ஒத்துப்போச்சுல்ல சார், என்ஜின் அதுபாட்டுக்கு அங்கதான் இருக்கு” என்றார் தரகர். வாங்க வந்தவரின் பையில் டார்ச் இருந்தது, வேஸ்ட் துணியும் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. முழுப் பணமும் அன்றைக்கே கைமாறியது.

பெயர் மாற்றத்துக்கு வண்டியைக் காட்டிய அன்று, பிரேக் இன்ஸ்பெக்டர் செய்த முதல் வேலை அந்த இடத்தைத் துடைக்கச் சொன்னது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஐந்து நிமிடம். எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள் ஆர்.சி. புத்தகத்தில் வேறாக இருந்தன. எப்போதோ பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு இன்னொன்றை வைத்திருக்கிறார்கள். ஹெரால்டுக்கும் கெஸலுக்கும் ஒரே 948 சிசி என்ஜின் என்பதால் அது சுலபமான வேலை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அந்த மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றியிருக்க வேண்டும், ஏற்றவில்லை. வந்த என்ஜினுக்கு ரசீது இல்லை, போன என்ஜின் எந்தக் காயலான் கடைக்குப் போனது என்று அந்தக் குடும்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. பதினொரு மாத அலைச்சலுக்குப் பிறகும் கோப்பு நகரவில்லை. கார் இப்போது வேறொரு போர்டிகோவில், வேறொரு தார்ப்பாயின் கீழ் நிற்கிறது. ஓட்டத்தில் குறையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காலையில் ஒரே செல்ஃபில் எழுகிறது. ‘நானாக இருந்தால் துடைத்துப் பார்த்திருப்பேன்’ என்று பின்னால் சொன்ன நண்பர்களில் ஒருவர்கூட அந்த ஆறு மணி இருட்டில் உடன் நின்றவரில்லை.

துடைப்பதற்கு மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். உப்புத்தாள் கூடாது, தேய்த்த தடம் இருந்தால் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசிப் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி. புத்தகத்தின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் படிக்க வேண்டும். முன்பணம் அதற்குப் பிறகு.

விண்டேஜ் பதிவு கேட்பவருக்கு என்ஜின் இன்னும் முக்கியம். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்த, சேஸிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கே அந்தத் தகுதி. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுக்குச் செல்லும், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். எம்.எஸ். என்று தொடங்கும் பழைய சென்னை எண்ணை விட்டுக்கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்?

மற்றக் காகிதங்கள் வழக்கமானவை: படிவம் 29, 30. ஆர்.சி.யில் பெயருள்ளவர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் சேரும். கிடங்கு வண்டி என்றால் பெரும்பாலும் இறந்தவர் வண்டிதான். வெளியூரில் இருக்கும் மகளின் கையெழுத்தை ‘அப்புறம் வாங்கிக்கலாம்’ என்று சொல்லும் மகன்களை நம்பக் கூடாது.

துருவுக்கு ஒரு காந்தமும் ஒரு ஸ்குரூ டிரைவரும் போதும். துணி சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பார்த்திருக்கிறார்கள். கதவடி, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், டிக்கியின் தரை ஆகியவற்றைக் குத்திப் பார்க்க வேண்டும்.

கிடங்கிலேயே செல்ஃப் அடித்துக் காட்டுகிறேன் என்பவரைத் தடுத்துவிட வேண்டும். பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, ஒரு நாள் கழித்துக் கையால் சுற்றிப் பார்ப்பதே முறை. இந்த என்ஜினின் தனி நோய் கிராங்கின் த்ரஸ்ட் வாஷர். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலிருந்து கிராங்க் புல்லியைக் கவனிக்க வேண்டும். புல்லி கண்ணுக்குத் தெரியும்படி முன்னே நகர்ந்தால் வாஷர் தேய்ந்திருக்கிறது. கழன்று சம்ப்பில் விழுந்திருந்தால் பிளாக்கே பழுதாகியிருக்கும். முன் சக்கரங்களைத் தாங்கும் ட்ரன்னியனுக்குக் கியர் ஆயில் விட வேண்டும். நம் ஊரில் வழக்கமாகக் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். உள்ளே ஆயில் போகாமல் துருப்பிடித்த தண்டு, திருப்பத்தில் முறியும்.

வண்டியைக் கட்டி இழுக்காமல் மேடை லாரியில் ஏற்றிக் கொண்டுவருவது நல்லது. ஜாக்கி வைத்து பின்பக்கத்தைத் தூக்கியதும் இரு சக்கரங்களின் அடிப்பகுதியும் உள்ளே மடங்கித் தொங்கும். ஆக்ஸில் முறிந்துவிட்டதாக லாரிக்காரர் பதறுவார். ஹெரால்டின் பின்பக்கம் தூக்கினால் அப்படித்தான் தொங்கும். இறக்கிச் சில அடி உருட்டினால் நேராகிவிடும்.